மீனுக்குப் பெயரில்லை, வலைக்குப் பெயருண்டு: வேதாகமத்தின் மீன்பிடிச் சொற்கள்

ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தில் ஆதாம் உயிர்களுக்குப் பெயர் வைக்கிறான். நாட்டு மிருகங்கள், ஆகாயத்துப் பறவைகள், காட்டு மிருகங்கள் எல்லாம் அவனிடம் கொண்டுவரப்படுகின்றன. மீன்கள் வரவில்லை. அன்றைக்கு விட்டுப்போனது பிறகும் சேர்க்கப்படவில்லை. எபிரேய வேதாகமத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தாலும் ஒரு மீன் வகையின் பெயர்கூட அகப்படாது. லேவியராகமம் 11ஆம் அதிகாரம் தின்னக்கூடாத பறவைகள் என்று, வௌவாலையும் சேர்த்து, இருபதைப் பெயர் சொல்லி அடுக்குகிறது. தின்னத்தக்க வெட்டுக்கிளியில்கூட நான்கு வகை சொல்கிறது. மீன் என்று வந்ததும் ஒரே விதியோடு முடித்துக்கொள்கிறது: சிறகும் செதிளும் இருந்தால் உண்ணலாம், இல்லாவிட்டால் கூடாது.

எபிரேயத்தில் மீனுக்கு இருக்கும் சொல் 'தாக்'. அதன் பெண்பால் வடிவமான 'தாகா' பெரும்பாலும் மீன்கூட்டத்தைக் குறிக்கும். சுறாவும் கெண்டையும் நெத்திலியும் இந்த ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும். ஆனால் சுவிசேஷங்களின் கிரேக்கத்துக்கு வரும்போது நிலைமை தலைகீழாகிறது. வீசும் வலைக்கு ஒரு சொல், கரையிலிருந்து இழுக்கும் வலைக்கு வேறொன்று, பொதுவாக வலைக்கு மற்றொன்று. தண்ணீரிலிருந்து வரும் மீனுக்கு ஒரு சொல், ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளும் மீனுக்கு வேறு சொல். இந்த வித்தியாசத்துக்கு எபிரேயம் ஏழை, கிரேக்கம் பணக்காரி என்று காரணம் சொல்வது தவறு. ஆடுமாடு பற்றிப் பேசும்போது எபிரேயத்தின் சொல்வளம் பிரமிக்க வைக்கும். யார் தண்ணீரில் இறங்கி வேலை செய்தார்கள், யார் கரையில் நின்று பார்த்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கடல் பிறருடையது

இஸ்ரவேலர் மலைநாட்டில் வாழ்ந்த மக்கள். கடற்கரையின் வடபகுதி தீரு, சீதோன் பட்டணத்தாரிடமும் தென்பகுதி பெலிஸ்தரிடமும் இருந்தது. எருசலேமின் மதிலில் 'மீன்வாசல்' என்றொரு வாசல் இருந்ததை நெகேமியாவும் செப்பனியாவும் குறிப்பிடுகிறார்கள். வாசலுக்குப் பெயர் கொடுக்கும் அளவுக்கு மீன் வியாபாரம் நடந்திருக்கிறது. ஆனால் அந்த மீனைக் கொண்டுவந்து ஓய்வுநாளிலும் விற்றுக் கொண்டிருந்தவர்கள் தீரு பட்டணத்தார் என்று நெகேமியா 13:16 சொல்கிறது. கடற்கரையிலிருந்து எருசலேம் மலைமேல் ஏறிவர நாள்கணக்கில் ஆகும். ஆகவே வந்தது பெரும்பாலும் உப்பிட்டோ உலர்த்தியோ பதப்படுத்திய மீனாக இருந்திருக்க வேண்டும். நகரத்தார் கண்டது கருவாடு. உயிருள்ள மீனைப் பார்த்தவர்கள் குறைவு.

மீன் எங்கெல்லாம் பேசப்படுகிறது என்று தேடிப் பாருங்கள். வனாந்தரத்தில் ஜனங்கள் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் பூண்டையும் நினைத்து அழும்போது, எகிப்தில் செலவில்லாமல் தின்ற மீனையும் சேர்த்து அழுகிறார்கள் (எண்ணாகமம் 11:5). நைல் நதி இரத்தமாகும்போது மீன் சாகிறது. ஏசாயா 19:8இல் தூண்டில் போடுகிறவர்களும் வலை வீசுகிறவர்களும் புலம்புகிறார்கள், அவர்களும் எகிப்தியர்களே. கலிலேயாவில் மீன் நிறைந்த கின்னரேத் ஏரி இருக்கத்தான் செய்தது. ஆனால் பழைய ஏற்பாட்டில் அது நில எல்லையைச் சொல்லும் வசனங்களில் மட்டுமே வந்துபோகிறது. அங்கே ஒருவரும் வலை போடுவதாக ஒரு வரி கிடையாது.

உணவு விதியின் சொற்கள் இரண்டும் கவனிக்கத் தக்கவை. சிறகு என்று பழைய தமிழ் மொழிபெயர்ப்பு சொல்வது மீனின் துடுப்பை; எபிரேயத்தில் 'ஸ்னப்பீர்'. செதிளுக்கு 'கஸ்கெசெத்'. கோலியாத்தின் கவசத்தை வருணிக்கும்போதும் (1 சாமுவேல் 17:5) இதே செதிள் சொல்தான் வருகிறது. செதிள் அடுக்கியதுபோல உலோகத் தகடு தைத்த கவசம் அது. இந்த விதியை மக்கள் எப்போதிலிருந்து கடைப்பிடித்தார்கள் என்பது வேறு கேள்வி. யோனத்தான் ஆட்லரும் ஓம்ரி லெர்னாவும் 2021இல் வெளியிட்ட ஆய்வு, 30 அகழ்விடங்களில் கிடைத்த மீன் எலும்புகளைப் பரிசோதித்தது. அரசர்கள் காலத்து யூதாவிலும் அதற்குப் பின் பாரசீகர் காலத்திலும் செதிளில்லாத கெளுத்தியையும் சுறா இனங்களையும் மக்கள் தாராளமாகச் சாப்பிட்டிருக்கிறார்கள் என்பது அதன் முடிவு. ரோமர் காலத்துக்கு வரும்போது அந்த எலும்புகள் அருகிவிடுகின்றன. எழுதப்பட்ட விதி வீட்டு அடுப்புவரை வந்துசேர நூற்றாண்டுகள் ஆகியிருக்கின்றன.

மீனைத் தூரத்திலிருந்து பார்த்தவர்கள் அதில் கண்ட முதல் குணம் பெருக்கம். யாக்கோபு தன் பேரப்பிள்ளைகளை ஆசீர்வதிக்கும்போது (ஆதியாகமம் 48:16) "மிகுதியாய்ப் பெருகக்கடவர்கள்" என்கிறான். அங்கே வரும் வினைச்சொல்லின் எழுத்துகள் மீனுக்குரிய எழுத்துகளே. மீனைப்போல் பெருகுங்கள் என்று அதைப் புரிந்துகொள்வது யூத மரபு. தண்ணீர் மூடியிருப்பதால் மீனைக் கண்ணேறு தாக்காது, அதுபோல யோசேப்பின் பிள்ளைகளையும் தாக்காது என்று யூத ரபிகளின் போதனைத் தொகுப்பான தல்மூத் விளக்கம் சொல்கிறது.

யோனாவை விழுங்கியது எது?

யோனாவின் புத்தகம் சொல்வது 'தாக் காதோல்'. பெரிய மீன், அவ்வளவுதான். நம்முடைய பழைய மொழிபெயர்ப்பும் "ஒரு பெரிய மீனை" என்று நேராகச் சொல்லிவிடுகிறது. ஆனாலும் ஞாயிறு பள்ளிப் படங்களில் திமிங்கலம் வந்துவிட்டது. அது வந்த வழி கிரேக்கத்தின் வழி.

எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்த யூத அறிஞர்கள் இந்த இடத்தில் மீனுக்குரிய சாதாரணச் சொல்லான 'இக்துஸ்' என்பதை விட்டுவிட்டு 'கேத்தோஸ்' என்று எழுதினார்கள். கேத்தோஸ் என்றால் கடலின் ராட்சத ஜந்து. ஆதியாகமம் 1:21இல் தேவன் படைத்த "மகா மச்சங்கள்" எபிரேயத்தில் 'தன்னினீம்'. அதற்கும் அவர்கள் வைத்தது கேத்தோஸ்தான். கிரேக்கக் கதையில் பாறையில் சங்கிலியால் கட்டப்பட்ட இளவரசி அந்திரோமேதாவை விழுங்க வந்த பூதமும் கேத்தோஸே. அந்தக் கதை நடந்த இடமாகப் பழங்காலத்தார் காட்டியது யோப்பா துறைமுகத்தை. அவளைக் கட்டிய சங்கிலியின் தடம் அங்கே பாறையில் இருப்பதாக முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதியிருக்கிறார். யோனா கப்பலேறியதும் அதே யோப்பாவில். கிரேக்கம் படித்த வாசகனின் மனதில் இரண்டும் ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை. மத்தேயு 12:40 கேத்தோஸ் என்ற சொல்லையே எடுத்துக்கொண்டது. பிற்கால ஐரோப்பிய மொழிபெயர்ப்புகள் அதைத் திமிங்கலமாக்கின. மூன்றாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவக் கல்லறைச் சிற்பங்களில் யோனாவை விழுங்குவது திமிங்கலமும் இல்லை, மீனும் இல்லை. நீண்ட கழுத்தும் சுருண்ட வாலும் கொண்ட கடல்நாகம் அது. சிற்பியின் கையில் இருந்தது கேத்தோஸின் உருவம்.

எபிரேய மூலத்தில் இன்னொரு புதிர் உண்டு. யோனாவை விழுங்குவது ஆண்பால் 'தாக்'. அவன் ஜெபம் செய்வது பெண்பால் 'தாகா'வின் வயிற்றிலிருந்து. கக்கிப்போடுவது மறுபடி 'தாக்'. ஆண் மீனின் வயிற்றில் விசாலமாக இருந்ததால் அவன் ஜெபிக்க நினைக்கவில்லை, சினை நிறைந்த பெண் மீனுக்கு மாற்றப்பட்டு நெருக்கடி வந்தபிறகுதான் ஜெபித்தான் என்று யூத உரையாசிரியர்கள் இதற்குக் கதை கட்டினார்கள். இலக்கணப்படி இதில் பெரிய சங்கதி எதுவும் இருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு எழுத்துக்கூடக் காரணமில்லாமல் வந்திருக்காது என்று நம்பிப் படிக்கிற மரபில் இப்படிப்பட்ட விளக்கம் பிறப்பது இயல்பு.

தீர்க்கதரிசிகளின் தூண்டில்

மீன்பிடிக் கருவிகளுக்கு எபிரேயத்தில் சொற்கள் உண்டு. தூண்டிலுக்கு 'ஹக்கா', வலைக்கு 'ஹேரெம்', மற்றொரு வலைக்கு 'மிக்மெரெத்', மீன் குத்தும் ஈட்டிக்கு 'ட்ஸில்ட்ஸால் தாகீம்'. விசித்திரம் என்னவென்றால் இவை மீனைப் பிடிப்பதற்காக வருவது அபூர்வம். பிடிபடுகிறவர்கள் மனிதர்கள்.

கி.மு. எட்டாம் நூற்றாண்டில் ஆமோஸ் சமாரியாவின் சீமாட்டிகளைப் பார்த்து, உங்களைத் துறடுகளாலும் உங்கள் பின்சந்ததியை மீன்பிடிக்கிற தூண்டில்களாலும் இழுத்துக்கொண்டு போகும் நாள் வரும் என்கிறான் (4:2). அங்கே வரும் சொற்கள் அடிப்படையில் முள்ளைக் குறிப்பவை. இதை வெறும் கவிதை உருவகம் என்று தள்ளிவிட முடியாது. துருக்கியின் சின்சிர்லியில் கண்டெடுத்து இப்போது பெர்லினில் வைத்திருக்கும் அசீரிய மன்னன் எசரத்தோனின் கல்தூணில், ராஜா ஒரு கையில் கயிறு பிடித்து நிற்கிறான். கயிற்றின் மறுமுனை அவன் காலடியில் இருக்கும் தோற்றுப்போன இரண்டு எதிரிகளின் உதட்டைத் துளைத்த வளையத்தில் மாட்டியிருக்கிறது. ஆமோஸுக்கு ஏறக்குறைய நூறு ஆண்டு பிந்தியது இந்தக் கல். ஆனால் தோற்றவர்களை அசீரியா எப்படி நடத்துமென்று அந்த நாட்டார் அறிந்திருந்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

எரேமியா 16:16இல் கர்த்தர் மீன்பிடிக்கிற அநேகரை அழைத்தனுப்புவேன் என்கிறார். அவர்கள் ஜனங்களைப் பிடிப்பார்கள். பிறகு வேட்டைக்காரர் வந்து மலைகளிலும் கன்மலை வெடிப்புகளிலும் தேடி வேட்டையாடுவார்கள். முந்திய இரண்டு வசனங்கள் சிறையிருப்பிலிருந்து திரும்புவதைப் பேசுவதால் இதையும் கூட்டிச்சேர்க்கும் வாக்குத்தத்தமாக எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அடுத்த வசனங்கள் அக்கிரமத்தையும் இரட்டிப்பான தண்டனையையும் பேசுகின்றன. ஆகவே இது தப்பிக்க வழியில்லாத தேடுதலைச் சொல்கிறது என்றே நான் வாசிக்கிறேன்.

இந்த வரிசையின் உச்சம் ஆபகூக் முதல் அதிகாரம். மனிதரைக் கடலின் மீன்களைப்போல ஆக்கிவிட்டீரே, ஆளுகிறவன் இல்லாத ஊரும் பிராணிகளைப்போல ஆக்கிவிட்டீரே என்று தீர்க்கதரிசி தேவனிடமே வழக்காடுகிறான். கல்தேயன், அதாவது பாபிலோனியன், அவர்களைத் தூண்டிலில் இழுக்கிறான், வலையில் பிடிக்கிறான், பறியில் சேர்க்கிறான், சந்தோஷத்தில் துள்ளுகிறான். அதற்கடுத்த வரி மேலும் கொடியது: "தன் வலைக்குப் பலியிட்டு, தன் பறிக்குத் தூபங்காட்டுகிறான்." வெற்றி தந்த ஆயுதமே அவனுக்குத் தெய்வமாகிவிட்டது. மெசொப்பொத்தாமியாவில் இந்தப் படிமத்துக்கு மிகப் பழைய வேர் இருந்தது. லகாஷ் நகரத்து வெற்றியைச் செதுக்கிய கி.மு. 25ஆம் நூற்றாண்டுக் கல் ஒன்று பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் நின்கிர்சு என்ற தெய்வம் எதிரிகளைப் பெரிய வலைக்குள் அள்ளிப் பிடித்திருக்கிறது. வலைக் கண்ணுக்கு வெளியே தலை நீட்டும் ஒருவனைக் கதாயுதத்தால் அடிக்கிறது. அந்த வலைக்குள் அகப்பட்டவர்களின் பக்கமிருந்து எழுதப்பட்டதே ஆபகூக்கின் புலம்பல்.

தூண்டிலும் வலையும் பறியும் வரும் அந்த ஒரே வசனத்தைக் (1:15) கிரேக்க மொழிபெயர்ப்பில் பார்த்தால் மூன்று கருவிகளின் பெயர் வரிசையாக நிற்கிறது: தூண்டிலுக்கு 'ஆங்கிஸ்திரோன்', பிறகு 'ஆம்ஃபிபிளேஸ்திரோன்', பிறகு 'சகேனே'. இந்த மூன்று சொற்களையும் நினைவில் வைத்துக்கொண்டு மத்தேயுவுக்குப் போகலாம்.

ஏரியும் அதன் வலைகளும்

கலிலேயாக் கடல் உண்மையில் நன்னீர் ஏரி. நீளம் ஏறத்தாழ 21 கிலோமீட்டர், அகலம் அதிகபட்சம் 13. நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே. எபிரேயத்தில் 'யாம்' என்ற சொல் கடலுக்கும் ஏரிக்கும் பொது என்பதால் மத்தேயுவும் மாற்குவும் யோவானும் கிரேக்கத்திலும் அதைக் கடல் என்றே எழுதினார்கள். லூக்கா மட்டும் ஏரி என்று பொருள்படும் 'லிம்னே' என்கிறார். மீனவனுக்குக் கிரேக்கச் சொல் 'ஹலியூஸ்'. உப்பையும் கடலையும் குறிக்கும் 'ஹல்ஸ்' அதன் வேர். நன்னீரில் தொழில் செய்த சீமோன் பேதுருவும் அவன் சகோதரன் அந்திரேயாவும் உப்புத் தண்ணீரின் பெயரால் அழைக்கப்பட்டார்கள்.

மத்தேயு 4:18இல் சீமோனும் அந்திரேயாவும் போட்டுக் கொண்டிருந்தது ஆம்ஃபிபிளேஸ்திரோன். நம்முடைய வீச்சுவலை. இந்த ஏரியில் மீன்பிடித்துக் கொண்டே அதன் தொழில்முறையை ஆராய்ந்த ஏன்கேவ் குடியிருப்பின் மெண்டல் நூன், அங்கே புழங்கிய வீச்சுவலையின் விட்டம் ஆறு முதல் எட்டு மீட்டர் என்று பதிவு செய்திருக்கிறார். விளிம்பு முழுக்க ஈயக் குண்டுகள். வலையைக் கையிலும் தோளிலும் மடித்துப் போட்டு, இடுப்பளவுத் தண்ணீரில் நின்றோ படகின் முனையில் நின்றோ சுழற்றி வீச வேண்டும். காற்றில் வட்டமாக விரிந்து விழுந்ததும் குண்டுகள் ஒரே சமயத்தில் அடியை நோக்கி இறங்கி மீனை மூடிவிடும். பிறகு ஆள் மூழ்கி, குண்டுகளை ஒன்றுகூட்டி வலையை மேலே கொண்டுவர வேண்டும், அல்லது உள்ளே இருக்கும் மீனை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பைக்குள் போட வேண்டும். தனி ஆள் செய்யும் வேலை. யோவான் 21:7இல் பேதுரு மேற்சட்டை இல்லாமல் இருந்தது இப்படி மூழ்கி எழும் வேலைக்காகத்தான் என்பது நூனின் கருத்து. தொழில் தெரிந்தவர் சொல்வதால் அதற்கு எடை உண்டு.

சகேனே முற்றிலும் வேறு ரகம். கரைவலை அல்லது கரமடி என்று நம் கடற்கரையில் சொல்வதற்கு நெருக்கமானது. நூறுகளில் மீட்டர் நீளம், மேல்கயிற்றில் மிதப்பு, கீழ்க்கயிற்றில் குண்டு. ஒரு முனையைக் கரையில் ஆட்கள் பிடித்துக்கொள்ள, படகு மறுமுனையோடு ஏரிக்குள் போய் வளைந்து கரைக்குத் திரும்பும். பிறகு இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுப்பார்கள். வளைவுக்குள் நின்ற சகலமும் வரும். தேர்ந்தெடுக்க வழியே கிடையாது. "சகலவிதமான மீன்களையும் சேர்த்து வாரிக்கொள்ளும் வலை" என்று பரலோக ராஜ்யத்துக்கு ஒப்பிட்டது இந்த வலையை (மத்தேயு 13:47). அந்த உவமைக்கு வீச்சுவலை பொருந்தாது. நிறைந்தபோது கரையில் இழுத்து, உட்கார்ந்து பிரித்து, நல்லவற்றைக் கூடைகளில் சேர்த்து, ஆகாதவற்றை எறிந்துவிடுகிறார்கள் என்ற வருணனை, பார்த்துப் பழகியவர்களின் பேச்சு. உட்காருவதுகூடச் சொல்லப்பட்டிருக்கிறது.

'ஆகாதவை' என்று தமிழில் வந்த சொல் கிரேக்கத்தில் 'சப்ரா'. அழுகியது என்பது அதன் வழக்கமான பொருள். இப்போதுதான் வலையிலிருந்து வந்த மீன் அழுகியிருக்காது. உதவாதது என்றே எடுக்க வேண்டும், நம் மொழிபெயர்ப்பு இங்கே சரியாகப் பிடித்திருக்கிறது. அந்த ஏரியில் உதவாத மீன் ஒன்று நிச்சயம் இருந்தது: செதிளில்லாத கெளுத்தி. தமிழ்நாட்டு மீன் பண்ணைகளில் வளர்க்கத் தடைசெய்யப்பட்டிருக்கும் ஆப்பிரிக்கக் கெளுத்தியே அது. லேவியராகமத்தின் செதிள் விதி, ஏரிக்கரையில் மீன் பிரிக்கும் கைகளில் இப்படிச் செயல்பட்டது.

பொது வலைக்கு 'திக்தியோன்' என்று பெயர். புதிய ஏற்பாட்டில் 12 முறை வருகிறது. லூக்கா 5இல் இராமுழுதும் பாடுபட்டு ஒன்றும் அகப்படாமல் கரையில் அலசிக் கொண்டிருந்தது திக்தியோன்களை. மூன்று அடுக்காகக் கட்டும், நம் மீனவர்கள் டிஸ்கோ வலை என்று சொல்லும் வகையாக இது இருந்திருக்கலாம் என்று நூன் வாதிடுகிறார். அந்தக் காலத்து வலை லினன் துணி நெய்யும் ஆளிச்செடியின் நாரில் முறுக்கியது. பகல் வெளிச்சத்தில் மீன் அதைப் பார்த்து விலகிவிடும், அதனால் இரவில்தான் போட வேண்டும். காலையில் அலசி உலர்த்தாவிட்டால் நார் மக்கிவிடும். இராத்திரி வேலை, காலை அலசல் என்று லூக்கா சொல்லும் ஒழுங்கு இதனோடு அச்சாகப் பொருந்துகிறது. ஆகவே பட்டப்பகலில் ஆழத்துக்குத் தள்ளிக்கொண்டு போய் வலைகளைப் போடச் சொன்னது எந்த மீனவனும் ஒத்துக்கொள்ளாத யோசனை. சீமோனின் தயக்கம் தொழில் தெரிந்தவனின் தயக்கம்.

செபெதேயுவின் மகன்களான யாக்கோபும் யோவானும் படகில் இருந்து வலைகளைப் பழுதுபார்த்துக் கொண்டிருந்தார்கள். அந்த வேலைக்கு வரும் 'கதார்திஸோ' என்ற வினையைப் பவுல் கலாத்தியர் 6:1இல் தவறிவிழுந்த சகோதரனைச் சீர்பொருந்தப் பண்ணுவதற்கு உபயோகிக்கிறார். மாற்கு இன்னொரு விவரமும் தருகிறார்: செபெதேயுவுக்குக் கூலியாட்கள் இருந்தார்கள். லூக்கா 5:10 யாக்கோபையும் யோவானையும் சீமோனுக்குக் கூட்டாளிகள் என்கிறது. படகு, கூலி, பங்கு என்று நடந்த தொழில் இது. பரம ஏழைகளின் பிழைப்பு என்ற பிரசங்க மேடைச் சித்திரம் பொருந்தாது. வறட்சியில் ஏரி வற்றிய 1986ஆம் ஆண்டு கினோசர் அருகே சேற்றில் கிடைத்த முதல் நூற்றாண்டுக் கால மீன்படகு 8.2 மீட்டர் நீளமும் 2.3 மீட்டர் அகலமும் கொண்டது. பல வகை மரங்களின் துண்டுகளையும் பழைய பலகைகளையும் ஒட்டுப்போட்டு மீண்டும் மீண்டும் பழுதுபார்த்திருக்கிறார்கள். படகு வைத்திருந்தவர்களும் செலவை எண்ணிப் பார்த்தே வாழ்ந்தார்கள்.

ஆங்கிஸ்திரோன், அதாவது தூண்டில், புதிய ஏற்பாட்டில் ஒரே ஒரு முறை, மத்தேயு 17:27இல் வருகிறது. வரிப்பணம் வாயில் இருந்த மீனைப் பேதுரு பிடிப்பது தூண்டிலால். இன்று ஏரிக்கரை உணவகங்களில் 'பேதுருவின் மீன்' என்று பரிமாறுவது நம் ஜிலேபி மீனின் உறவான முஷ்ட். அது நுண்ணுயிர் மேய்கிற மீன், இரை கோத்த தூண்டிலைத் தேடி வராது. கெண்டை இனத்தைச் சேர்ந்த பினி என்ற மீனே தூண்டிலுக்கு வரும் என்று நூன் சுட்டிக்காட்டியிருக்கிறார்.

தொட்டுக்கொள்ள ஒரு சொல்

ஐந்து அப்பம், இரண்டு மீன் சம்பவத்தை நான்கு சுவிசேஷங்களும் சொல்கின்றன. மற்ற மூன்றும் மீனை இக்துஸ் என்று குறிக்க, யோவான் மட்டும் 'ஒப்சாரியோன்' என்கிறார். 'ஒப்சோன்' என்றால் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்வது. கறி, பருப்பு, வெங்காயம் எதுவாகவும் இருக்கலாம். அதன் சிறுமை வடிவம் ஒப்சாரியோன். மீனே எளியவர்களின் வழக்கமான தொடுகறியாக இருந்ததால் சொல் மெல்ல மீனையே குறிக்கத் தொடங்கியது. இன்றைய கிரேக்கத்தில் மீனுக்கு 'ப்ஸாரி' என்ற சொல் வந்தது இதிலிருந்துதான். பையனிடம் இருந்தது வாற்கோதுமை அப்பம், ஏழைகளின் தானியம். அதோடு இருந்த இரண்டும் உப்பிட்ட சிறு மீன்களாக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். மீனை உப்பிட்டுப் பதப்படுத்தும் தொழில் அந்தக் கரையிலேயே நடந்தது. மகதலா ஊரைக் கிரேக்கர்கள் 'தரிகேயா' என்றார்கள் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. உப்பிட்ட மீனுக்குரிய சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ஏரியின் மீன் பதப்படுத்த உகந்தது என்று ஸ்திராபோ என்ற புவியியலாளரும் அந்த ஊரைச் சொல்லி எழுதியிருக்கிறார். தல்மூதில் வரும் 'மிக்தல் நூனையா' என்ற பெயருக்கு மீன் கோபுரம் என்று பொருள்.

யோவான் 21இல் விடியற்காலையில் கரையில் நிற்கும் இயேசு, "பிள்ளைகளே, புசிக்கிறதற்கு ஏதாகிலும் உங்களிடத்தில் உண்டா" என்கிறார். அங்கே வரும் 'ப்ரோஸ்ஃபாகியோன்' வேதத்தில் வேறெங்கும் இல்லாத சொல்; அதுவும் அப்பத்தோடு சேர்த்துத் தின்னும் பதார்த்தத்தைக் குறிப்பது. தொட்டுக்கொள்ள ஏதாவது அகப்பட்டதா என்று கரையிலிருந்து கேட்கிற வாடிக்கையாளனின் கேள்வியாகவே அது அவர்கள் காதில் விழுந்திருக்கும். யாரென்று அவர்கள் அறியாமல் இருந்ததும் அதனால் இயல்பாகிறது.

உயிரோடே பிடிப்பது

இப்போது "உங்களை மனுஷரைப் பிடிக்கிறவர்களாக்குவேன்" என்ற அழைப்புக்கு வரலாம். எரேமியா 16:16இன் கிரேக்கத்தில் மீனவர்களுக்கு வரும் ஹலியூஸ் என்ற அதே சொல் மாற்கு 1:17இல் வருகிறது. ஆபகூக் அடுக்கிய மூன்று கருவிகளும் மத்தேயுவில் இருக்கின்றன: பேதுருவின் கையில் ஆம்ஃபிபிளேஸ்திரோன், உவமையில் சகேனே, வரிக்காகப் போட்ட ஆங்கிஸ்திரோன். மத்தேயு இதை எண்ணித்தான் செய்தார் என்று நிரூபிக்க முடியாது. ஏரியில் புழங்கிய கருவிகளுக்கு வேறு பெயரும் கிடையாது. ஆனால் தீர்க்கதரிசிகளை ஜெப ஆலயத்தில் கேட்டு வளர்ந்தவர்களின் செவியில் மனிதரைப் பிடிப்பது என்பது இனிமையான பேச்சாக ஒலித்திருக்காது. பிடிக்கப்பட்ட மீன் சாகும். மனிதரைப் பிடிக்கிறவன் அசீரியன், கல்தேயன்.

இந்த உறுத்தலை லூக்கா உணர்ந்திருக்கிறார் என்றே நினைக்கிறேன். அவர் மீனவர் என்ற பெயர்ச்சொல்லை விட்டு, 'ஸோக்ரேயோ' என்ற வினையை வைக்கிறார் (5:10). உயிர் என்ற சொல்லும் வேட்டையாடு என்ற சொல்லும் சேர்ந்த வினை அது. போரில் கொல்லாமல் உயிரோடே பிடிப்பதற்கும், உயிரோடே காப்பதற்கும் வழங்கியது. யோசுவா 2:13இல் எரிகோ பட்டணத்து ராகாப் என்ற பெண் தன் தகப்பனையும் தாயையும் சகோதரரையும் உயிரோடே வைக்கும்படி வேவுகாரரிடம் கேட்கும் இடத்தில் கிரேக்க மொழிபெயர்ப்பு வைத்திருப்பது இதே சொல். எரிகோ அழியும்போது அந்த ஒரு வீடு தப்புகிறது. சீமோனுக்குக் கிடைத்த வேலை ராகாப் கேட்ட வேலை. தமிழில் "மனுஷரைப் பிடிக்கிறவனாயிருப்பாய்" என்று மூன்று சுவிசேஷங்களிலும் ஒரே சாயலில் வந்துவிட்டதால் லூக்காவின் கவனம் நம் காதுக்கு எட்டுவதில்லை.

எபிரேயத் தீர்க்கதரிசிகளுக்குள்ளேயே இந்தத் திருப்பத்துக்கு ஒருவர் வழிவிட்டிருக்கிறார். எசேக்கியேல் 26ஆம் அதிகாரத்தில் தீரு பட்டணம் இடிந்து, வெறும் பாறையாகி, 'ஹேரெம்' வலைகளை விரித்து உலர்த்தும் இடமாகும் என்று சாபம் வருகிறது. அதே புத்தகத்தின் 47ஆம் அதிகாரத்தில் ஆலயத்திலிருந்து ஓடும் நதி சவக்கடலில் விழுந்து அதன் தண்ணீரை ஆரோக்கியமாக்குகிறது. அங்கே என்கேதி தொடங்கி எனெக்லாயிம்வரை மீனவர்கள் நிற்பார்கள், ஹேரெம் வலைகளை விரிப்பார்கள் என்று அதே சொற்களால் ஆசீர்வாதம் வருகிறது. எந்த மீனும் வாழாத உப்புக்கடலில் மகா சமுத்திரத்தின் மீன்களைப்போல வகைவகையாக மீன்கள் இருக்கும். பழைய ஏற்பாட்டில் மீனவர்கள் தங்கள் தொழிலைச் சந்தோஷமாகச் செய்யும் காட்சி எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

யோவான் 21:11இன் 153 பெரிய மீன்களுக்கும் இந்தக் காட்சிக்கும் தொடர்பு தேடியவர்கள் உண்டு. ஒன்றிலிருந்து 17வரை கூட்டினால் 153 வரும் என்பதைப் பழங்காலத் திருச்சபை அறிஞர் அகுஸ்தீன் பெரிதாக எடுத்துக்கொண்டார். 1958இல் எமர்ட்டன் என்ற ஆய்வாளர் வேறு வழி காட்டினார். எபிரேய எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு. என்கேதியின் 'கேதி' 17, எனெக்லாயிமின் 'எக்லாயிம்' சரியாக 153. கணக்கு பிசகவில்லை. ஆனால் கிரேக்கத்தில் வாசித்தவர்களுக்கு இது எப்படித் தெரிந்திருக்கும் என்ற கேள்வி நிற்கிறது. மீனைப் பங்கு பிரிக்கக் கரையில் எண்ணுவது கூட்டாளிகள் தினமும் செய்யும் வேலை என்பதையும் மறக்கக் கூடாது.

எசேக்கியேலின் தரிசனத்தில் அடுத்த வசனம் (47:11) அதிகம் பிரசங்கிக்கப்படுவதில்லை. கடல் முழுவதும் நன்னீராகும்போதும் ஓரத்துச் சேற்றுப் பள்ளங்கள் மட்டும் ஆரோக்கியமாகாமல் உப்புநிலங்களாக விடப்படும் என்று அது சொல்கிறது. பலிகளுக்கு உப்பு வேண்டும் என்பது பல உரையாசிரியர்கள் தரும் காரணம். அவ்வளவு மீன் வந்து குவியும் கரையில் பதப்படுத்தவும் உப்பு வேண்டுமே.